மருமகனின் வேகமும் மாமாவின் சல்லடையும்

மருமகனே,

நீ கல்கரியிலருந்து அனுப்பின வொய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டுட்டேன். அத்தையும் கூடவே உக்காந்து கேட்டா. "பவுடர் சரியில்ல மாமா, வேகம் வரமாட்டேங்குது"ன்னு நீ மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்னதும் அவ கண்ணுல தண்ணி வந்திருச்சு. "குளிர் நாட்டுல பிள்ளைக்கு மூஞ்சி வெடிச்சிருச்சு போல, நல்ல பவுடரா ஒரு டப்பா அனுப்புங்க"ன்னு ஒரே நச்சரிப்பு. பிள்ளை துவக்குத் தோட்டாவைத் தானே கெட்டிக்கிறான்டி, அதுக்குள்ள போடுற மருந்தைத்தான் பவுடர்ங்கிறான்னு வெளக்கினப்புறம் அழுகை நின்னுச்சு. நின்ன கையோட திட்டு ஆரம்பிச்சது. அதை நான் ஒனக்கு அனுப்பல.

ஒனக்கென்ன ராசா. அங்க லைசன்ஸ் இருக்கு, சுட்டுப் பழக எடம் இருக்கு, கடையில மருந்தை டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்கான். பித்தளைக் கோது, கேப்பு, ரவை, எது வேணும்னாலும் காசு குடுத்தா கையில. ஒரு மேசை, ஒரு அமுக்கு மெசின், ஒரு தராசு, ஞாயித்துக்கிழமை கழிஞ்சிருது. அதே வேலையை நம்ம லயத்துக் கோடியில ஒருத்தன் செஞ்சான்னு வச்சுக்க, 1916ஆம் வருசத்துத் துவக்குச் சட்டமும் 1956ஆம் வருசத்து வெடிபொருள் சட்டமும் ஆளுக்கொரு கையைப் புடிச்சு மறியலுக்குக் கூட்டிட்டுப் போயிரும். அதனால நீ அங்கயே செய். கேள்வியை மட்டும் இங்க அனுப்பு.

அதையும் யாருகிட்ட கேட்ட? ஆயுசு முழுக்க டீ ஸ்டோர்ல சல்லடை ஆட்டின கிழவன்கிட்ட. புத்திசாலிப் பய. துவக்குக்காரன்கிட்ட கேட்டா அவன் இன்னும் ரெண்டு கிரெய்ன் போடுன்னு சொல்லுவான்; அவனுக்கென்ன, மூஞ்சி ஒன்னுதுதானே.

முதல்ல ஒன் சொந்த ஊர்க் கதையைக் கேளு. பதுளை டவுன்ல சென் மார்க்ஸ் கோயில் இருக்குல்ல, நீ சின்னதுல ஐஸ் பழம் சப்பிக்கிட்டுச் சுவத்துல சாஞ்சு நிப்பியே, அது. 1857ல தெறந்தது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ்னு ஒரு வெள்ளைக்காரரோட நெனைவா அவரோட கூட்டாளிங்க காசு போட்டுக் கட்டினது. சிலோன் ரைபிள் படையில இருந்தவர், பதுளைக்கு உதவி ஏஜெண்டாவும் இருந்தாரு. அவர் சுட்ட யானைக் கணக்கு 1,400க்கு மேலன்னு சொல்றாங்க. வேட்டைன்னா என்னைக்கோ ஒண்ணு கெடைக்கும், அதை ஊரே பேசும். 1,400ன்னா அது கணக்கப்புள்ள வேலை. இன்னைக்கு மொனராகலைப் பக்கம் யானை வயலுக்குள்ள வந்திருச்சுன்னு சத்தம் போடுறோம், அதுங்க பாட்டன் பூட்டனை நாம என்ன பாடு படுத்தினோம்னு அதுங்களுக்கும் ஏதாவது ஞாபகம் இருக்குமோ என்னவோ.

அந்த ரொஜர்ஸ் துரைக்குத் தன்னோட ரவை என்ன வேகத்துல போவுதுன்னு தெரியுமா? தெரியாது. ஒன் கையில இருக்கிற வேகம் அளக்கிற பெட்டி அவர்கிட்ட இல்ல. வாய்வழியா மருந்தை ஊத்தி, உருண்டை ஈயத்தைக் கிட்டிச்சு, கருமருந்துப் புகை எங்க பாத்தாலும். அந்தக் காலத்துல யானைக்கு நெத்தியில சுடுறவங்க பத்து, பதினஞ்சு காலடிக்குள்ள போய்ச் சுட்டாங்க. அவ்வளவு கிட்டப் போனா வேகம் கம்மியா இருந்தாலும் வந்து சேரும். போக தைரியம் வேணும், அதுக்கு டப்பா கெடையாது. 1845 ஜூன் 7ஆம் தேதி அப்புத்தளை ரெஸ்ட் ஹவுஸ்ல இடி விழுந்து செத்தாரு. நுவரெலியாவில பொதைச்ச கல்லு மேலயும் அப்புறம் இடி விழுந்துச்சுன்னு சொல்லுவாங்க. யானை விட்ட சாபம்னு அத்தை சொல்றா. நான் எதுவும் சொல்லல.

ஒன் ஜாதிக்காரர் இவரில்ல. ஒன் ஜாதிக்காரர் சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில குடியேறி, 1854ல இலங்கை வேட்டையைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாரே, அவர். பழைய பங்களா அலமாரியில கரையான் பாதி தின்னு கெடந்த பிரதியை நான்தான் எடுத்துட்டு வந்தேன். கரையானுக்கும் எனக்கும் பாதிப் பாதி. இங்க இருக்கிற துரைமாருங்க ரைபிளை நம்பாம சின்னக் குழல் துவக்கை வச்சுக்கிட்டுத் திரியுறாங்கன்னு அவருக்கு ஒரே எளக்காரம். அவரோட ரைபிள் பிரிஸ்டல் நகரத்துல கிப்ஸ்ங்கிற ஆளு 1840ல செஞ்சு குடுத்தது. எடை 21 இறாத்தல், ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ. உருண்டை ரவை 3 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ், 28 கிராம் சொச்சம். அத்தனை மருந்தா போடுவான்னு அந்தக் காலத்துல வாயைப் பொளந்திருப்பாங்க.

பேக்கர் பேரைக் கேட்டதும் ஒனக்குக் குஷி வந்திருக்குமே. "பாத்தியா மாமா, கூடப் போட்டாத்தான் வேகம்." பொறு. அவர் மருந்தை மட்டும் கூட்டல. குழலைக் கனமாக்கினாரு, துவக்கையே 21 இறாத்தலுக்கு ஏத்தினாரு, ரவையைப் பெரிசாக்கினாரு, தூக்கிக்கிட்டு நடக்க ஆளும் வச்சாரு. நீ அவர்கிட்டருந்து எடுத்துக்க நெனைக்கிறது மருந்தை மட்டும். அதுவும் அவர் போட்டது கருமருந்து. ஒன் டப்பாவில இருக்கிறது வேற சாதி. அதுக்கு வாரேன்.

வேகத்தை நம்பகமா அளந்து காட்டினவரு பெஞ்சமின் ரொபின்ஸ்னு ஒரு கணக்கு வாத்தியாரு, 1742ல. அதுக்கு முன்னாடி சத்தத்தை வச்சும், தோள்ல விழுற ஒதையை வச்சும்தான் வேகம் சொன்னாங்க. ரொபின்ஸ் என்ன செஞ்சாருன்னா, ஒரு இரும்புத் தகட்டைக் கம்பியில தொங்கவிட்டு அது மேல மரப்பலகையை அடிச்சாரு. ரவை பலகையில போய்ப் பொதைஞ்சதும் மொத்தமும் பின்னால ஆடும். அடியில ஒரு ரிப்பனைக் கோத்து வச்சிருந்தாரு. எவ்வளவு தூரம் ஆடுச்சோ அவ்வளவு ரிப்பன் உருவிக்கிட்டு வரும். ரிப்பனை அளந்து, பலகை எடையையும் ரவை எடையையும் வச்சுக் கணக்குப் போட்டா வேகம் கெடைச்சிரும். செக்கனுக்கு 1,600 அடிக்கு மேலன்னு வந்துச்சு. அந்த வேகத்தைக் காத்து எப்பிடி உறிஞ்சிக் குடிக்குதுன்னும் அவர்தான் காட்டினாரு. ஒய்லர்னு ஒரு பெரிய கணக்கு மேதையே 1745ல அந்தப் புத்தகத்தை ஜெர்மன்ல மொழிபெயர்த்தாருன்னா பாத்துக்க. அப்பிடிப்பட்ட மனுசன் கடைசியில எங்க செத்தாருன்னு நெனைக்கிற? நம்ம கடலூர்ப் பக்கம், தேவனாம்பட்டினத்துல, சென் டேவிட் கோட்டையில. கம்பெனிக்குக் கோட்டை பழுதுபார்க்க வந்தவரு, 1751ல காய்ச்சல்ல போயிட்டாரு. உலகத்துக்கே வேகம் அளந்து குடுத்தவரு தமிழ் மண்ணுல கெடக்காரு. நம்ம பய கனடாவில உக்காந்துக்கிட்டு வேகம் காணோம்னு தேடுறான்.

இப்ப ஒன் விசயம். தோட்டா அளவுப் புத்தகத்துல 2,800 அடி போட்டிருக்கு, எனக்கு 2,650தான் காட்டுது, பவுடர் சரியில்ல. இதுதானே வழக்கு? குற்றவாளிக் கூண்டுல மருந்தை ஏத்திட்ட. சாட்சியை விசாரிச்சியா? அந்த அளக்கிற பெட்டி ரெண்டு கண்ணை வச்சு ரவையோட நெழலைப் பாக்குற சாதின்னா, வெளிச்சம் மாறினாலே ஒளறும். அப்புத்தளை மூடுபனிக்குள்ள வச்சா ஒண்ணுமே காட்டாது. குழல் வாய்க்கு ரொம்பக் கிட்ட வச்சா ரவைக்கு முன்னாடி பாயுற புகையையும் காத்தையும் ரவைன்னு எண்ணிப்புடும். பத்துப் பதினஞ்சு அடி தள்ளி வை. அப்புறம், மூணு வெடி சுட்டுட்டு சராசரி போடாதே. மூணு பேருகிட்ட விசாரிச்சிட்டு ஊரே சொல்லுதுன்னு ஒன் சித்தப்பன் பேசுவானே, அவனை ஒனக்குப் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும்.

பெட்டி உண்மைதான் பேசுதுன்னு வச்சுக்குவோம். இப்ப சல்லடைக்கு வா, இதுல நான் துரை. டஸ்ட் தேயிலையைக் கொதிதண்ணியில போட்டா அந்த நிமிசமே சாயம் எறங்கும். அதுக்கு மேல பீ.ஓ.பி.எஃப்., அதுக்கு மேல பீ.ஓ.பி., ஓ.பி. வரைக்கும் போனா இலை ஆற அமரத்தான் விடும். ஒரே கொழுந்து, ஒரே டிரையர், சல்லடைக் கண்ணு மட்டும் வேற. மருந்தும் அப்பிடித்தான். மணி பொடிசா இருந்தா மேல்பரப்பு கூட, சுருக்கா எரியும். பெருசா இருந்தா மெதுவா எரியும். ஒன் டப்பாவில இருக்கிற புகையில்லா மருந்துல இன்னொரு வித்தையும் உண்டு: மணி மேல தீயைத் தாமதப்படுத்துற ஒரு பூச்சுப் பூசுவான், சிலதுல நடுவுல ஓட்டை போடுவான். டப்பாவுல ஸ்லோன்னு போட்டிருந்தா அது சோம்பேறின்னு அர்த்தம் இல்ல. கனமான ரவை நகர நேரம் எடுக்கும். அது குழலுக்குள்ள போற நேரம் பூரா பின்னால இருந்து தள்ளிக்கிட்டே இருக்க மெதுவான மருந்துதான் சரி. லேசான ரவைக்கு அதே மெதுவான மருந்தைப் போட்டா, அழுத்தம் சேர்றதுக்குள்ள ரவை வெளிய ஓடிரும். மிச்சம் எரியாமயே பின்னால வரும். ஓ.பி.யைப் போட்டுட்டு அரை நிமிசத்துல வடிகட்டிக் குடிச்சிட்டு, டீமேக்கர் திருடன்னு சொல்ற கதை அது.

அதனால சுட்டு முடிச்சதும் ரெண்டு எடத்தைப் பாரு. குழலுக்குள்ளயும் போல்ட்டுக்கு முன்னாலயும் எரியாத மணி சிதறிக் கெடக்குதா? வெடிச்ச கோதோட கழுத்துல கரி அப்பிக் கெடக்குதா? கோதுக் கழுத்து உப்பி அறைச் சுவத்தோட ஒட்டினாத்தான் புகை பின்னால வராது. அழுத்தம் பத்தலைன்னா ஒட்டாது, கரி படியும். ரெண்டும் இருந்தா மருந்துக்கும் ரவைக்கும் பொருத்தம் சரியில்லன்னு புரிஞ்சுக்கலாம். அப்பவும் அளவைக் கூட்டாதே, மருந்தை மாத்து. அந்த ரவைக்குன்னு புத்தகத்துல போட்டிருக்கிற வேற மருந்தை எடுத்து, அதுக்குப் போட்டிருக்கிற கீழ் அளவுலருந்து தொடங்கு. மேசை மேல ஒரு நேரத்துல ஒரே ஒரு டப்பா. ரெண்டு டப்பாவைத் தெறந்து வச்சுக்கிட்டு போன்ல மனைவிக்குப் பதில் சொல்ற வேலை வேணாம். மாறாக, கேப்பு தட்டையா நசுங்கியிருக்கு, போல்ட் தூக்க முடியாம இறுகுதுன்னா, வேகம் பெட்டியில எவ்வளவு கம்மியாக் காட்டினாலும் நிறுத்து.

கூட்டினா என்ன ஆகும்னு கேப்ப. கருமருந்துக் காலத்துல ஹட்டன்னு ஒரு கணக்குக்காரர் பீரங்கியை வச்சு அளந்து பாத்தாரு: மருந்தை ரெண்டு மடங்காக்கினா வேகம் ரெண்டு மடங்காகல, வர்க்கமூலத்துக்குக் கிட்டத்தான், 1.4 மடங்கு. அதுக்கும் மேல போட்டா புகையும் ஒதையும்தான் மிச்சம். கருமருந்துக்காவது அந்த அளவுக்குப் பொறுமை இருந்துச்சு. ஒன் புகையில்லா மருந்துக்கு அதுவும் கெடையாது. அழுத்தம் கூடினா அது எரியுற வேகமே கூடும். எரியுற வேகம் கூடினா அழுத்தம் இன்னும் கூடும். நவீன ரைபிள் அறையில சதுர அங்குலத்துக்கு 50,000, 60,000 இறாத்தல் அழுத்தம் ஏறுது. கடைசியில கூட்டுற கொஞ்ச வேகத்துக்கு நீ குடுக்கிற வெலை ரொம்பக் கூட. கருமருந்துத் துவக்குல புகையில்லா மருந்தைப் போட்டவனுங்க கதை ஒலகம் பூரா ஒண்ணுதான்: குழல் வாழைப்பூவா விரியும், வெரலு போகும்.

இந்தப் புகையில்லா மருந்து நம்ம சொந்தக்காரங்களுக்குப் புதுசில்ல தெரியுமா. 1884ல பிரான்ஸ்ல வியேல்னு ஒருத்தர் கண்டுபுடிச்சாரு. வெள்ளைக்காரன் அஞ்சு வருசம் கழிச்சு கார்டைட்டுன்னு நூல் நூலாத் திரிச்சான். குழல் தேயாம இருக்க வாசலினைக் கூடக் கலந்தான். அதைச் செய்ய நீலகிரியில அருவங்காட்டுல ஒரு பேக்டரி போட்டான், 1903ல. 1964ஆம் வருசத்துச் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல கப்பலேத்திவிட்ட நம்ம சனம் கோத்தகிரி, குன்னூர்னு போய் மறுபடியும் தேயிலைக்குள்ளயே எறங்கிச்சுல்ல, அதுல கொஞ்சப் பேரு அந்தப் பேக்டரிச் சங்குக்குத்தான் நேரம் பாத்தாங்க. ஒன் பெரியப்பா வீட்டு ஆளுங்க இன்னும் அங்கதான். போன் போட்டுக் கேட்டா ஒன்னைவிட ஒழுங்காச் சொல்லுவாங்க, ஆனா கல்யாணம் எப்பன்னும் கேப்பாங்க.

குளிரு, வெயிலு, ஈரம், இதையும் நீ எண்ணல. தேயிலை டிரையரைவிட்டு வரும்போது ஈரம் 3 வீதத்துக்குப் பக்கத்துல நிக்கணும். கூடினா பூஞ்சணம், கொறைஞ்சா கருகல். மருந்தும் ஈரம் குடிச்சா மந்தமாகும், ரொம்பக் காஞ்சா முறுக்கேறும். நம்ம ஊவாவில ஆடி ஆவணிக் காத்துல மூடி தெறந்து வச்ச டப்பாவும், மார்கழி மழையில தெறந்து வச்ச டப்பாவும் ஒரே மருந்தா? சூடும் அப்பிடித்தான். அப்புத்தளைக் குளிர்ல அளவா இருந்த தோட்டாவை வெல்லவாய வெயில்ல காரு டேஷ்போர்ட்ல காயவச்சுச் சுட்டா அழுத்தம் ஏறும். ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு பஸ் டிக்கட்டுத்தான். ஒன் கல்கரியில பனிக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவுல எத்தனை டிகிரின்னு நீயே சொல்லு. தை மாசம் அளந்துட்டு வேகம் கம்மின்னு கூட்டி வச்சிட்டு, ஆடி மாசம் அதே தோட்டாவைச் சுட்டா என்னா கெதி?

தராசு விசயம் சுருக்கமாச் சொல்றேன். ஒரு கிரெய்ன்னா குன்றிமணி எடையில பாதிக்குச் சொச்சம் கூட. பதுளை நகைக்கடையில பவுன் நிறுக்கும்போது செட்டியார் ஃபேனை நிப்பாட்டுவாரு, நீ நிப்பாட்டுறியா?

இங்கயும் தோட்டா கெட்டிக்கிறவங்க இருக்காங்க மருமகனே, ஆனா வேற கணக்கு. காட்டுப் பன்னி ராத்திரி வந்து வத்தாளைக் கெழங்கைக் கிண்டிட்டுப் போவுது. பயிர் காக்க லைசன்ஸ் துவக்கு குடுங்கன்னு கச்சேரிக்குப் போனா, முதல்ல காணி எங்கன்னு கேப்பான். 200 வருசமா இந்த மலையில கெடக்கோம்னு 2023ல மேடை போட்டுக் கொண்டாடியாச்சு. 7 பேர்ச் தாரேன்னு சொன்ன பேச்சு இன்னும் பேச்சாவே இருக்கிற லயம் எத்தனையோ. காணி இல்லாதவனுக்குப் பயிரு ஏது, பயிரு இல்லாதவனுக்குப் பன்னி ஏதுன்னு அவன் கணக்கு. அப்ப என்ன நடக்குது? எவனோ ஒருத்தன் ராத்திரியில பன்னித் தடத்துல கட்டுத்துவக்கு கட்டிட்டுப் போறான். கயித்துல கால் பட்டா வெடிக்கும். பன்னி உயரத்துக்குக் கட்டினது, மனுசனுக்கு முழங்கால்ல, அதுக்குக் கீழ. விடியக்காலம் வெறகுக்கோ தண்ணிக்கோ போன பொம்பளை பதுளை ஆஸ்பத்திரியில கெடப்பா. அந்தத் துவக்குல என்ன மருந்து, என்ன வேகம்னு கட்டினவனுக்கே தெரியாது. ஒனக்குத் தெரியணும், ஏன்னா ஒன் கையில புத்தகம் இருக்கு.

புத்தகம்னதும் ஞாபகம் வருது. போன மாசம் பேஸ்புக்ல நீ துவக்கோட நின்ன போட்டோவைப் பாத்தேன். தொப்பியெல்லாம் நல்லா இருந்துச்சு. அந்தத் துவக்கு என்னா ராசா, கட்டையா, ஒன் இடுப்பு உயரத்துக்குக் கூட வரல? காட்டுக்குள்ள தூக்கிக்கிட்டுத் திரிய வசதின்னு வாங்கியிருப்ப. அதோட குழல் நீளம் எத்தனை அங்குலம்? 20ஆ? இப்ப அந்தப் புத்தகத்துல, வேகம் போட்டிருக்கிற பக்கத்துக்கு மேல சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படி. சோதிச்ச குழல் 24 அங்குலம்னோ 26 அங்குலம்னோ போட்டிருப்பான். குழல் ஒரு அங்குலம் கொறைஞ்சா, தோட்டாவைப் பொறுத்து 20லருந்து 50 அடி வரைக்கும் வேகம் கொறையும். 26ன்னா ஆறு அங்குலம் கொறையுது, பெருக்கிப் பாரு. நீ தொலைச்ச 150 அடி அங்கதான் நிக்குது. கடைக்காரன் குழலை வெட்டினப்பவே வெட்டிட்டான். மருந்து பாவம், ஒண்ணும் செய்யல. 100 யாருக்குள்ள நிக்கிற மானுக்கு இந்த வித்தியாசம் தெரியப்போறதும் இல்ல. 300 யாருக்கு மேல போனாத்தான் ரவை ரெண்டு அங்குலம் கீழ விழுந்து தெரியும். அதுக்குக் குறியைத் திருத்து.

டேப்பை எடுத்துக் குழலை அளந்து, அந்தப் பக்கத்தையும் போட்டோ புடிச்சு அனுப்பு. துவக்கு காலியா இருக்குதான்னு ரெண்டு தரம் பாத்துட்டு அளக்கணும், தெரியுதா. வேகத்துக்குன்னு புதுசா ரெண்டு டப்பா மருந்து வாங்கப் போறேன்னியே, அந்தக் காசு இப்ப மிச்சம்தானே? பசறை ஹார்ட்வெயார்ல வேலிக் கம்பி என்னா வெலைன்னு விசாரிச்சு வச்சிருக்கேன். வத்தாளைப் பாத்தியைச் சுத்தி வர எத்தனை ரோல் வேணும்னு அத்தை அளந்துட்டா. அடுத்த தடவை போன் எடுக்கும்போது முதல்ல அதைப் பேசுவோம், வேகத்தை அப்புறம் பாத்துக்கலாம்.

இப்படிக்கு,
மாமா